மழையின் பேங்க் பேலன்ஸ்

"மழைத்தண்ணி மாதிரி சுத்தமான பொருள் உலகத்திலேயே கிடையாது சார்!" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அவர் வீட்டில் மீன்தொட்டி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லை என்றால் விட்டுவிடலாம். இருக்கிறது என்றால், அடுத்த மழைக்கு முன்னால் அவரை உட்கார வைத்து நாலு வார்த்தை பேசியாக வேண்டும். அந்த நாலு வார்த்தைதான் இந்த வாரம்.

சுத்தம் வேறு, கையிருப்பு வேறு. உங்கள் ஆபீஸிலேயே அப்படி ஒருவர் இருப்பார். பொய் சொல்ல மாட்டார், ஃபைலை அமுக்க மாட்டார், டீக்காசுகூட மற்றவர் தலையில் கட்ட மாட்டார். தங்கமான மனுஷன். ஆனால் மாசம் இருபதாம் தேதி ஆனதும் நம் டேபிள் பக்கம் வந்து, "ஒரு ஐநூறு ரூபா இருக்குமா?" என்று தலையைச் சொறிவார். மழைத்தண்ணீர் அந்த ரகம். அழுக்கு இல்லை, குளோரின் இல்லை, உப்பு இல்லை. கூடவே, பேங்கில் பேலன்ஸும் இல்லை. நான் பி.காம். படித்தவன். கெமிஸ்ட்ரியை எனக்கு இப்படித்தான் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

★

எங்கள் முத்தாண்டிக்குப்பத்தைப் பற்றி ஒரு வரி. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும். இன்னொரு பக்கம் நெய்வேலி. காலையில் பாதி ஊர் டிபன்பாக்ஸோடு நெய்வேலிக்கு பஸ் ஏறும். சாயந்திரம் காலி டிபன்பாக்ஸோடு திரும்பும்.

நெய்வேலியின் கதையே தண்ணீரில்தான் ஆரம்பம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக என்னவோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் கம்பெனி பிறந்தது, 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். எல்லாம் சரி, நிலக்கரிக்கு அடியில் ஒரு வில்லங்கம் படுத்திருந்தது. ஊற்று நீர்! சும்மா படுத்திருக்கவில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிப் பெரிய பெரிய பம்புகளை வைத்து, இரவு பகலாக இறைத்தால்தான் நிலக்கரி. அந்த நீரில் ஒரு பகுதி மின்நிலையத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் வயலுக்கும் போகிறது. சுற்றுக் கிராமத்துக்காரர்களோ, "எங்க கெணத்துல தண்ணி கீழ போயிட்டே இருக்குது" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கீழே இருக்கும் தண்ணீருக்கு இத்தனை கிராக்கி. மேலே இருந்து விழும் தண்ணீரை மட்டும் நாம் குடைபிடித்துத் துரத்துகிறோம். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, ஊரே குழி தோண்டி ஜல்லி கொட்டியது. இன்று அந்தக் குழிகள் பலவற்றின்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

இப்படிப்பட்ட ஊரில், ஒருவர் மழைநீரைப் பிடித்து உபயோகிக்கிறார் என்றால் கைதட்ட வேண்டாமா? எதிர்வீட்டுத் தம்பி அதைத்தான் செய்தான். கைதட்ட முடியவில்லை.

★

தம்பி நெய்வேலியில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். இருபத்தெட்டு வயசு. வீட்டில் அவனும் அவன் அப்பாவும் மட்டும். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து ஓய்ந்தவர். பேச்சு குறைவு. அம்மா போனபிறகு இன்னும் குறைவு. 'சாப்பிட்டீங்களா?' என்றால் தலை அசையும். 'தூங்கினீங்களா?' என்றால் அதே தலை அதே மாதிரி அசையும். எது ஆமாம், எது இல்லை என்று தம்பிக்கே தெரியாது.

ஹாலில் இரண்டடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி. அம்மா ஆசைப்பட்டு வாங்கியது. அம்மா இருந்தவரை அவர்தான் தீனி போடுவார். பிறகு அந்த வேலை சொல்லாமல் கொள்ளாமல் அப்பா கைக்கு மாறியது. காலை ஏழு மணிக்கு ஒரு சிட்டிகை, சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு சிட்டிகை. சுரங்கத்து ஷிப்ட் மாதிரி ஒரு நிமிஷம் பிசகாது. போட்டுவிட்டு அரை மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே ஆறு கறுப்பு மோலி, நாலைந்து கப்பி. அதில் ஒரு கிழட்டு மோலி மட்டும் அம்மா காலத்து மீன்.

"எங்கப்பா அந்த ஒரு மீன்கிட்ட மட்டும் பேசறாருண்ணே. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன்" என்றான் தம்பி ஒருநாள். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

போன வருஷம் கோடையில் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை தூக்கலாக இருந்தது. மீனுக்கு குளோரின் ஆகாது என்று தம்பிக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு கோடைமழை. 'குளோரின் இல்லாத தண்ணி வானத்துல இருந்தே வருதே!' என்று பின்பக்கத் தகரக் கூரைக்குக் கீழே அண்டா, குண்டான், வாளி எல்லாம் வைத்துப் பிடித்தான். அன்று ராத்திரியே தொட்டியின் பழைய தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு, மழைத்தண்ணீரை நிரப்பினான். தொட்டி பளிங்கு மாதிரி ஜொலித்ததாம்.

காலையில் ஏழு மணி ஷிப்டுக்கு அப்பா வந்தார். மூன்று மோலி மிதந்தன. மிச்சம் இருந்தவை நீந்தவில்லை. ஒரே இடத்தில் நின்று, குளிர் ஜுரம் வந்த மாதிரி உடம்பை ஆட்டிக்கொண்டிருந்தன. கிழட்டு மோலியும்தான்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தீனி டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. தம்பி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

★

அந்த ஒரு ராத்திரியில் நடந்தது ஒரு தப்பு இல்லை, மூன்று.

ஒன்று: முதல் மழை. மாசக்கணக்காகக் காய்ந்த கூரைமேல் என்னென்ன இருக்கும்? தூசி, காக்கா எச்சம், முந்திரிச் சருகு, நம்ம பக்கத்தில் கூடுதல் போனஸாக சாம்பல். முதல் மழை என்பது வானம் நமக்காகக் கூரையைக் கழுவிக் கொடுப்பது. கழுவின தண்ணீரைத்தான் தம்பி அண்டாவில் பிடித்தான்.

இரண்டு: தகரம். நாம் தகரம் என்று சொல்வது துத்தநாகம் பூசிய இரும்பு ஷீட். மழைநீர் கொஞ்சம் புளிப்பு ரகம். ஷீட்டிலிருந்து துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வரும். நமக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது. மீனுக்குச் செவுளிலேயே அடி. அதிலும் உப்புச்சத்து இல்லாத மென்மையான தண்ணீரில் அந்த விஷத்துக்கு வீரியம் அதிகம்.

மூன்று: முழுசாக மாற்றியது. மோலியின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். கடலோர உப்பங்கழியில்கூட வாழ்கிற ஜீவன். அதைக் கொண்டுபோய் ஒரே ராத்திரியில் உப்பே இல்லாத தண்ணீரில் போட்டால்? பண்ருட்டிக்காரனைத் தூங்கும்போது தூக்கிப்போய் சிம்லாவில் இறக்கிவிட்ட கதை. அந்த நடுக்கம் அதுதான்.

தம்பி பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, இரண்டு நாள் திறந்து வைத்து குளோரின் போன தண்ணீரை மெதுவாகச் சேர்த்தான். கிழட்டு மோலி பிழைத்தது. அப்பா மூன்றாம் நாள் தீனி டப்பாவை எடுத்தார்.

★

இத்தோடு கதை முடிந்திருந்தால் 'மழைநீர் ஆகாது' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தம்பி கணக்குப்பிள்ளை. நஷ்டத்தை எழுதாமல் விடமாட்டான். ஐப்பசி மழைக்கு மறுபடி இறங்கினான். இந்தத் தடவை தகரம் இல்லை, மாடியின் சிமெண்ட் தளம். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டான். மூன்றாவது மழையைத் துணி கட்டி டிரம்மில் பிடித்தான். வாரம் கொஞ்சம், கொஞ்சமாக மாற்றினான். மீன்கள் ஜாலியாக இருந்தன. சரி, ஜெயித்துவிட்டான் என்று நானும் நினைத்தேன். ஒன்றரை மாசம் கழித்து மறுபடி மந்தம். தீனியைத் துப்பின. தொட்டியோ கண்ணாடி மாதிரி தெளிவு.

இங்கேதான் பேங்க் பேலன்ஸ் வருகிறது.

மீன் தின்கிறது, கழிக்கிறது. கழிவிலிருந்து அம்மோனியா. அது விஷம். தொட்டியின் மணலிலும் ஃபில்டரிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியிருந்து, அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இலவச துப்புரவுத் துறை! ஆனால் அந்த வேலை நடக்கும்போதெல்லாம் கொஞ்சம் அமிலம் பிறக்கும். தினமும். இதுதான் தொட்டியின் அன்றாடச் செலவு.

அந்தச் செலவைக் கட்டுவது யார்? தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட். சுண்ணாம்புச் சத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன். கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் பூமிக்குள் பாறையையும் மண்ணையும் தடவிக்கொண்டு வருவதால் அவற்றின் அக்கவுண்டில் இது கொஞ்சமோ நிறையவோ இருக்கும். மழை நேரே மேகத்திலிருந்து வருகிறது. அக்கவுண்டில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

வாரா வாரம் பூஜ்யத்தைச் சேர்த்துக்கொண்டே போனால்? பழைய டெபாசிட் கரைகிறது. கரைகிற வரை வெளியே ஒன்றும் தெரியாது. தீர்ந்த அன்றைக்கு பி.எச். தடால் என்று இறங்கும். பி.எச். என்பது அமிலம் எவ்வளவு என்று சொல்லும் அளவு. 7 என்றால் நடுநிலை. ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு. 6-க்குக் கீழே போனால் துப்புரவுத் துறை ஏறக்குறைய ஸ்டிரைக். அம்மோனியா சேர ஆரம்பிக்கும். அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அவ்வளவு விஷமில்லாத வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். பயந்துபோய் நீங்கள் சமையல் சோடாவை அள்ளிப் போட்டு பி.எச்.-ஐ ஒரே தூக்காகத் தூக்கினீர்களோ, அடங்கிக் கிடந்தது அத்தனையும் கொடிய அம்மோனியாவாக மாறும். சாவதற்கு இருந்த மீனைக் காப்பாற்றப் போய், பிழைக்க இருந்ததையும் கொல்வது இப்படித்தான்.

தம்பி கையில் சமையல் சோடா பாக்கெட் இருந்தது.

★

அப்போதுதான் பெரியவர் வாயைத் திறந்தார். தம்பி சொன்னதால் அல்ல, நான் பி.எச்., கார்பனேட் என்று ஹாலில் நின்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்ததால் சகிக்க முடியாமல் திறந்தாரோ என்னவோ.

"கெளிஞ்சல் போடேன்டா" என்றார்.

இரண்டு பேரும் திரும்பினோம்.

"என்னா பெரியப்பா?"

"கெளிஞ்சலு தம்பி. சுண்ணாம்பு எதுலேர்ந்து வருது? கெளிஞ்சலைச் சுட்டாதானே சுண்ணாம்பு? சுட்டதைப் போட்டா மீனு வெந்துடும். சுடாததைப் போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். தண்ணிக்கு வேணும்ங்கறத மட்டும் எடுத்துக்கும்."

எத்தனை நாளைக்குப் பிறகோ, அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று தம்பி பிறகு சொன்னான்.

பெரியவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். தண்ணீர் புளிப்பானால் கரையும். புளிப்பு குறைந்தால் கரைவது தானே குறைந்துவிடும். தேவைக்கு மட்டும் கொடுத்து, தேவையில்லாதபோது பர்ஸை மூடிக்கொள்ளும் தாய்மாமன். சுட்ட சுண்ணாம்போ பயங்கரக் காரம், தொட்டியில் போடவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கடலூர் சில்வர் பீச்சுக்குப் போய் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தான். கொதிக்கும் நீரில் கழுவி, உடைத்து, ஒரு கைப்பிடியை வலைத்துணியில் கட்டி ஃபில்டரில் வைத்தான். தண்ணீரை தினமும் இரண்டு சொம்பு மட்டும் மாற்றினான். பத்து நாளில் மீன்கள் வழிக்கு வந்தன.

★

இது முத்தாண்டிக்குப்பத்து சமாசாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு தேசமே இதே வைத்தியம் செய்திருக்கிறது.

ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்று ஒரு ஸ்காட்லாந்து விஞ்ஞானி. இங்கிலாந்தில் மான்செஸ்டர் புகைபோக்கிகளுக்கு நடுவே மழையைப் பிடித்துச் சோதித்தவர். 'அமில மழை' என்ற வார்த்தையை 1872-ல் புத்தகத்தில் எழுதியவர் அவர். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1967-ல், ஸ்வாந்தே ஓடேன் என்ற சுவீடன் விஞ்ஞானி, 'வெளிநாட்டுப் புகை நம் நாட்டில் அமிலமாகப் பெய்கிறது' என்று எடுத்துச் சொன்னார். சுவீடன், நார்வே ஏரிகளில் மீன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அங்கே பல இடங்களில் அடியில் கருங்கல் பாறை, சுண்ணாம்பு கிடையாது. அதாவது ஏரிக்கே பேங்க் பேலன்ஸ் இல்லை! வேடிக்கை என்னவென்றால், செத்துக்கொண்டிருந்த அந்த ஏரிகள் முன்னைவிடத் தெளிவாக, பளிங்கு மாதிரி இருந்தன. பார்க்கிறவர்கள் 'ஆஹா' என்றார்கள்.

சுவீடன் அரசாங்கம் என்ன செய்தது? 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான ஏரிகளில் சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டியது. படகில் கொட்டினார்கள், ஹெலிகாப்டரில் கொட்டினார்கள். நம் பெரியவர் வலைத்துணியில் கட்டச் சொன்னார். சரக்கு ஒன்றுதான்.

'அப்படியானால் நெய்வேலிப் பக்கம் பெய்வதும் அமில மழையா?' என்று கேட்பீர்கள். எந்தப் புகையும் படாத மழையே கொஞ்சம் புளிப்புதான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு கரைவதால் பி.எச். 5.6 வாக்கில் இருக்கும். நிலக்கரியில் கந்தகம் உண்டு, எரித்தால் கந்தகப் புகை, மழையில் கலந்தால் புளிப்பு கூடும். ஆனால் நம் நாட்டுக் காற்றில் மண் தூசி அதிகம். அந்தத் தூசியில் சுண்ணாம்புச் சத்து உண்டு. அது அமிலத்தைப் பெருமளவு அடித்துவிடுகிறது. இந்தியாவில் பல ஊர்களில் மழை அவ்வளவு புளிக்காததற்குக் காரணம் நம் புழுதிதான். வெள்ளைச் சட்டைக்காரர்கள் திட்டும் புழுதிக்கும் ஒரு உபயோகம்! ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தால் காற்று கழுவப்பட்டு, தூசி தீர்ந்துவிடும். பிற்பாடு விழுவது சுத்த சுயம்பிரகாசம். பேலன்ஸ் பூஜ்யம்.

★

இனி கணக்கு. (இது இல்லாமல் என் பி.காம். எதற்கு?)

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். 20 அடிக்கு 10 அடி மாடித் தளம் ஏறக்குறைய 18 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 180 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் மணல், கல் போக சுமார் 45 லிட்டர் நிற்கும். வாரம் கால் பங்கு மாற்றினால் 12 லிட்டர். அதில் பாதி மழைநீர் என்றால் 6 லிட்டர். வருஷத்துக்கு 312 லிட்டர். அதாவது இரண்டே இரண்டு நல்ல மழை, இரண்டு 200 லிட்டர் டிரம். முடிந்தது வருஷ பட்ஜெட்.

பிடிக்கிற ஆசை வந்துவிட்டவர்களுக்கு:

முதல் மழை மண்ணுக்கு. அடுத்தடுத்த மழையிலும் முதல் கால் மணி நேரத்தை ஓடவிடுங்கள். தகரக் கூரை, செம்புக் குழாய், புதுசாகப் பூசிய சிமெண்ட் தளம், பெயின்ட் அடித்த தளம் எல்லாம் வேண்டாம்.

டிரம் வாயை வலைத்துணியால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்கு கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். மீனை வளர்க்கப் போய்க் கொசுவை வளர்த்தால் சுகாதாரத்துறைக்காரர் கதவைத் தட்டுவார்.

உங்கள் மீனின் பூர்வீகத்தை விசாரியுங்கள். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை அமேசான் பக்கத்து ஆசாமிகள். மென்மையான தண்ணீர் கேட்பார்கள். மழைநீர் அவர்களுக்கு அமிர்தம், கணிசமாகக் கலக்கலாம். மோலி, கப்பி, பிளாட்டி, கோல்டு ஃபிஷ் கோஷ்டிக்குக் கொஞ்சம் உப்புச்சத்து வேண்டும். கால் பங்கு, மிஞ்சினால் பாதிக்கு மேல் வேண்டாம்.

உங்கள் போர் தண்ணீரையும் நம்பிவிடாதீர்கள். தெருவுக்குத் தெரு, ஆழத்துக்கு ஆழம் மாறும். சோப்பு நன்றாக நுரைத்தால் அதுவும் மென்மை ரகம்தான். கிளிஞ்சல் பை அவசியம். மீன் கடைகளில் சொட்டு மருந்து மாதிரி டெஸ்ட் கிட் கிடைக்கும். பி.எச். மட்டும் பார்க்காமல் கார்பனேட் அளவையும் பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுப் பெண் கொடுக்கிறவர், கடன் எவ்வளவு என்றும் கேட்க வேண்டாமா?

கடைசியாக, எதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கெட்ட தண்ணீருக்குப் பழகிய மீன், நல்ல தண்ணீர் திடீரென்று வந்தாலும் சாகும். (ஆபீஸில் புது மேனேஜர் வந்த அன்று நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.)

★

தம்பிக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள். போன வாரம் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். பெண்ணின் சித்தப்பா தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு, "தண்ணி ரொம்ப சுத்தமா இருக்குதே!" என்றார்.

பெரியவர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"சுத்தம் கெடக்கட்டும் சம்பந்தி, அதுல என்னா இருக்குது? இதக் கேளுங்க..." என்று ஆரம்பித்தவர், முக்கால் மணி நேரம் விடவில்லை. கேசரி ஆறிப்போனது. பெண்ணுக்குச் சம்மதம் என்று மறுநாள் தகவல் வந்தது. சித்தப்பாதான், தன் வீட்டுக்கு ஒரு கைப்பிடி கிளிஞ்சல் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம்.